பத்து ரூபாய் இடைவெளி

வலங்கைமான் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில்
பெட்டியைத் திறப்பது என் வேலை.
தகரப் பெட்டி. பூட்டின் மேல் சிவப்பு அரக்கு.
செவ்வாய்க்கிழமை பகல் இரண்டு மணிக்கு
கண்காணிப்பாளர் பார்க்க உடைப்பேன்.

ஏழு வியாபாரிகள், ஏழு சீட்டு.
நாற்பத்திரண்டாம் லாட்: 6,470.
6,460. 6,450. 6,440.
கடைசிச் சீட்டு 6,200, ஒப்புக்கு.
அடுத்த லாட்டில் முதலாமவர் கடைசிக்குப் போவார்,
மூன்றாமவர் முன்னே வருவார்,
பந்தியில் இடம் மாறி உட்காருவதுபோல.
எல்லோருக்கும் ஒரே நீல மை.
எல்லோர் ஏழுக்கும் இடுப்பில் ஒரு கோடு.

மறைமுக ஏலம் என்று பெயர்.
எதிர் டீக்கடை பெஞ்சில்
பன்னிரண்டரைக்கே அது நேர்முகம்.

இரவில் குரூப் டூவுக்குப் படிக்கிறேன்.
நிறைவுப் போட்டி:
எண்ணற்ற விற்போர், எண்ணற்ற வாங்குவோர்,
தனி ஒருவரால் விலையை அசைக்க முடியாது.
எடுத்துக்காட்டு தருக. இரண்டு மதிப்பெண்.
இன்றைக்கு டோக்கன் வாங்கியவர்கள் நானூற்றுப் பதினாறு பேர்.
அத்தனை பேர் சேர்ந்தும் அசையவில்லை.
பாதி சரி. ஒரு மதிப்பெண் போடலாம்.

முற்றுரிமைக்குப் புத்தகம் ரயிலைச் சொல்கிறது.
எனக்கு ஜூன் மாத வானம்தான் தோன்றுகிறது.
ஒரு மழை விழுந்தால் பஞ்சு பழுக்கும்,
பழுத்தால் குவிண்டாலுக்கு அறுநூறு போகும்,
அந்த மேகத்தை விட்டு
வேறு மேகத்திடம் போய்ப் பேரம் பேச முடியாது.

தொழுவூர் தையல்நாயகி விலைப்பலகையைப் பார்த்தார்,
பிறகு என்னை.
"கூவி ஏலம் விட்டா காதுல விழும்.
இந்தப் பெட்டிக்குள்ள என்னம்மா பேசிக்கிறாங்க?"
விலை பிடிக்காவிட்டால் எடுத்துப் போகலாம்,
விதியில் இடமிருக்கிறது என்றேன்.
"டாட்டா ஏஸ் போக எண்ணூறு, வர எண்ணூறு.
அதுக்கு எந்த விதி?"
கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

மூன்றாவது வாரம் எட்டாவதாக ஒரு சீட்டு.
தேனிப் பக்கத்து மில்லுக்கு வாங்கும் வைரவேல்.
பச்சை மை.
7,240.
"திரும்பப் படிம்மா" என்றார் கண்காணிப்பாளர்.
படித்தேன். களத்தில் யாரோ விசிலடித்தார்கள்.

மறுவாரம் ஏழு பேரும் 7,300ஐத் தாண்டினார்கள்.
தூக்கம் போனது அன்றைக்குத்தான்.
அந்தப் பணம்
இத்தனை நாளும் அவர்கள் பையில் இருந்திருக்கிறது.

அதற்கடுத்த வாரம்
சுமைதூக்குவோர் எல்லோருக்கும் ஒரே நாளில் காய்ச்சல்.
தேனி லாரி மட்டும்
இரண்டு இரவு வெறுமனே நின்றது.
அப்புறம் ஒரு செவ்வாய் பன்னிரண்டரைக்கு
டீக்கடை பெஞ்சில் வைரவேலைப் பார்த்தேன்.
பெட்டியை உடைத்தபோது
6,370, 6,360, பச்சையில் 6,350.
வேறொரு லாட்டில் அவருக்கும் ஏழு வந்தது.
அதன் இடுப்பில் கோடு.

டெல்லியில் போட்டி ஆணையம் இருக்கிறது.
பதினோரு பக்கம் எழுதிவைத்தேன்.
மை ஒரு சாட்சியா? பெஞ்சு சாட்சி சொல்லுமா?
கண்காணிப்பாளருக்கு ஓய்வுபெற எட்டு மாதம் பாக்கி.
"அனுப்புறதுன்னா அனுப்பு,
என் பேரு வேணாம்" என்றார்.

அந்தச் சட்டத்தில் ஒரு மூலை எனக்குப் பிடித்திருக்கிறது:
கூட்டுச் சேர்ந்தவர்களில்
முதலில் வந்து உண்மை சொல்பவருக்கு
அபராதம் முழுவதும்கூடக் குறையலாம்.
இரண்டாமவருக்கு அவ்வளவு இல்லை.

அதைப் பெரிய எழுத்தில் எழுதி
விலைப்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினேன்,
டீக்கடையிலிருந்து பார்த்தால் தெரிகிற உயரத்தில்.
மனு இன்னும் மேசை இழுப்பறையில்தான்.

இந்தச் செவ்வாய் பன்னிரண்டரை.
ஐந்து பேர் பெஞ்சில் எட்டுப் பேர்
நெருக்கி உட்காருவது வழக்கம்.
இன்று இரண்டு பேர் நின்றுகொண்டு குடித்தார்கள்.
வைரவேல் போனை எடுத்துக்கொண்டு
வெண்ணாற்றுப் பாலம் வரைக்கும் நடந்தார்.
அவர் திரும்பும் வரை
யாரும் கிளாஸைக் கீழே வைக்கவில்லை.

மணி ஒன்று ஐம்பது.
அரக்கு இன்னும் உடையவில்லை.